புலி நொண்டாது

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் காலை நானேதான் உடைத்துக்கொண்டேன். அதுவும் ஆடி. அதுவும் லோரியின் மேல்.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டைத் தாண்டி மேலே ஏறினால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் லோரி ஆளாக இருந்தேன். கொழுந்து மூட்டைகளை ஏற்றி, ஆலையில் கொண்டுபோய் இறக்குவதுதான் வேலை. அதற்குக் கொஞ்சம் முதுகும் நிறைய வாயும் வேண்டும். இரண்டாவது என்னிடம் தாராளமாக இருந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்கும்போது நான் மூட்டைகளின் உச்சியில் ஏறி நின்றுகொண்டு ஏதாவது சேட்டை செய்வேன். யாராவது சிரித்துவிட்டால் போதும், அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

அன்று கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டார்கள். நானும் சினிமாக் கதாநாயகன் மாதிரி இடுப்பை வெட்டி, ஒற்றைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றினேன். சுற்றி முடிப்பதற்குள், மேலே ஒரு கலைஞன் இருப்பது தெரியாமல் டிரைவர் வண்டியை நகர்த்திவிட்டார். லோரி முன்னால் போனது. நான் இருந்த இடத்திலேயேதான் இருந்தேன், எனக்குக் கீழேதான் ஒன்றும் இல்லை.

விழுந்ததும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான் என்று நினைத்துப் பெண்கள் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் முதல்முதலாகக் கிடைத்த கைதட்டல் அது. அது ஓயும்போதுதான், என் இடது பாதம் நான் பார்க்காத வேறு ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டோடு வீட்டுக்கு வந்த வாரமே ஆபீசிலிருந்து குமாஸ்தா, எங்கள் பாஷையில் கிராணி, வந்துவிட்டார். தோட்டத்தில் யாருக்கு வேலை, யாருக்கு வீடு என்று மேனேஜர் துரை எடுக்கும் முடிவெல்லாம் அவர் வாய் வழியாகத்தான் எங்களுக்கு வரும்.

“ஏன்டா, வேலையில விழுந்தியா, ஆட்டத்துல விழுந்தியா?”

“ரெண்டுக்கும் நடுவுல விழுந்தேன் சார்.”

அவர் சிரிக்கவில்லை. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். அது நிரந்தர வேலையாளுக்கு மட்டும்தான். என் மனைவி அப்போது தினக்கூலியாகத்தான் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். வீட்டைப் பிடித்துவைக்க அவள் பெயர் போதாது. “மாரியம்மன் திருவிழா வரைக்கும் பார்ப்போம். அதுக்கப்புறம் துரை முடிவு பண்ணுவாரு. கால் நின்னா வேலை. நிக்கலன்னா வீட்டை விடணும், வேற ஆள் காத்துக்கிட்டு இருக்கான் லா” என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமலே போனார்.

மனைவி அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலையில் அடுப்படிக்குப் பின்னால் அவள் நட்டிருந்த அவரைக் கொடிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டே, “இது காய்க்கிறப்ப நாம எங்க இருப்போமோ” என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி தெரியவில்லை. கொடியிடம் சொன்னாள்.

கட்டுப் பிரித்தபோது உள்ளேயிருந்து வந்தது என் கால்தானா என்று எனக்கே சந்தேகம். மரவள்ளித் தண்டு மாதிரி இருந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, இனி நடந்து நடந்துதான் பலம் ஏற வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் இடது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து வலது முட்டியிடம் ஏதோ ரகசியம் சொல்லிவிட்டு வந்தது. லயத்துப் பிள்ளைகள் எனக்குப் பின்னாலேயே அதே மாதிரி நொண்டிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். நான் கண்டுபிடித்த ஆட்டம் ஒன்று அப்படித்தான் தோட்டம் முழுக்கப் பரவியது.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு ஈப்போ பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் மாற்றலாகி வந்திருந்தார். என்னைவிட எப்படியும் ஏழெட்டு வயது சின்னவர். சாயங்காலத்தில் பள்ளி மண்டபத்தில் சிறுமிகளுக்குப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்தார். என் மூத்த மகளும் சேர்ந்திருந்தாள். அந்த நேரத்தில் லயத்திலேயே வேலைவெட்டி இல்லாத ஒரே ஆள் நான்தான் என்பதால், அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

டீச்சர் ஒரு மரக்கட்டையின் மேல் தட்டுக்கழியால் தாளம் தட்டுவார். பிள்ளைகளின் காலைத் திருத்த எழுந்துபோனால் தாளம் நின்றுவிடும். தாளம் நின்றால் பிள்ளைகள் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்து இழுப்பார்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டு, “குடுங்க டீச்சர், நான் சும்மாதான உக்காந்திருக்கேன்” என்று கழியை வாங்கினேன். எனக்குத் தெரிந்த தாளமெல்லாம் லோரியின் பக்கப் பலகையில் தட்டியதுதான். அதே வேகத்தில் தட்டினேன். பிள்ளைகள் சட்டியில் போட்ட சோளம் மாதிரி துள்ளினார்கள்.

“அண்ணே, நாம எந்த ரயிலையும் பிடிக்கப் போகல” என்றார் டீச்சர்.

அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான். ஒரு வரி. சிரிப்பு கிடையாது. தோட்டமே என் வாயைப் பார்த்துச் சிரிக்கும்போது இந்த ஒரு முகம் மட்டும் அசையாமல் இருந்தது எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. தினமும் ஒரு ஜோக்கோடு போவேன். தினமும் அதை அப்படியே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவேன்.

தாளம் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் அவர் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வது காதில் விழுந்துகொண்டே இருந்தது. அரைமண்டியில், அதாவது பாதி உட்கார்ந்த நிலையில், முதுகு நிமிர்ந்து முட்டிகள் இரண்டும் வெளியே விரிந்திருக்க வேண்டும். “முட்டி கால்விரலுக்கு நேரா இருக்கணும். முட்டி உள்ள சாயக் கூடாது. பாரத்தைப் பாதத்துல போடாத, இடுப்புல வெச்சுக்க. கீழ பாக்காத, பாதத்துக்கு வழி தெரியும்.”

“டீச்சர், என் முட்டிக்குத்தான் வெக்கம். விரலைப் பாக்காம அடுத்த முட்டியைப் பாத்துக்கிட்டு இருக்கு” என்றேன்.

வழக்கம்போலச் சிரிக்கவில்லை. ஆனால் முதல்முறையாக என் காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “எந்திரிங்க” என்றார்.

அன்றிலிருந்து, கைலியை மடித்துக் கட்டிய முப்பது வயதுக்காரன் ஒருவன், இடுப்பளவு உயரப் பிள்ளைகளுக்குப் பின்னால், சுவரோடு முதுகை ஒட்டி அரைமண்டியில் நின்றான். நின்றான் என்பது பெருமைக்குச் சொல்வது. நடுங்கினான் என்பதுதான் சரி. தொடை இரண்டும் மேட்டில் ஏறும் பழைய லோரி இன்ஜின் மாதிரி அதிர்ந்தன. முன் வரிசையிலிருந்து என் மகள் திரும்பிப் பார்த்து, “அப்பா, மானத்தை வாங்காதீங்க, ஒழுங்கா நில்லுங்க” என்றாள்.

திருவிழாவுக்கு டீச்சர் ஒரு சின்ன நாட்டிய நாடகம் தயார் செய்தார். கொழுந்து கிள்ளப் போன பெண்களுக்கு எதிரே புலி வருகிறது, பெண்கள் கூடையைத் தட்டி அதை விரட்டுகிறார்கள். அவ்வளவுதான் கதை. எங்கள் மலையில் புலி என்றால் பாட்டில் வருவது இல்லை, பெரியவர்கள் சிலர் நேரில் பார்த்தது. அதனால் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. புலிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஒன்று தோன்றியது. திருவிழாவில் துரையும் கிராணியும் முன்வரிசையில் உட்காருவார்கள். ஆபீஸ் வாசலில் நின்று ‘கால் சரியாயிடுச்சு சார்’ என்று ஆயிரம் முறை சொன்னாலும், என் வாயை யார் நம்புவார்கள்? அது நாலுகால் பாய்ச்சலில் பொய் சொல்லும் என்று தோட்டத்துக்கே தெரியும். ஆனால் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அவர்கள் கண்ணெதிரே நடந்துகாட்டிவிட்டால்?

“டீச்சர், நான் புலியா வர்றேன்.”

அவர் என் முட்டியைப் பார்த்தார். “புலி நொண்டாது” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம். வேடிக்கை பேசுகிறவனுக்குக் கோபம் வருவது அபூர்வம், வந்தால் எங்கே வைப்பது என்று தெரியாது. நான் அதை முட்டியில் வைத்தேன்.

அதன் பிறகு நான் தனியாக நடைப்பயிற்சி என்று ஒன்றும் செய்யவில்லை. செய்த எல்லாவற்றையும் அடவாக்கிவிட்டேன். குழாயடிக்குப் போனால் பாதம் முழுதும் ஓசையில்லாமல் மண்ணில் பதிய வேண்டும். கடைக்குப் போகும் படிக்கட்டில் முட்டி விரலுக்கு நேரே வராத படியை மறுபடி இறங்கி ஏற வேண்டும். கடைக்காரர் நான் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்து ஒருநாள் தானும் இறங்கி வந்து கூடவே தேடினார். வலிக்காத நாள் இல்லை. வலி அதிகமான நாளில் உட்கார்ந்துகொண்டு வாயால் மட்டும் ‘தெய்யா தெய்’ சொல்வேன். வாய்க்கு என்றைக்கும் வலித்ததில்லை.

ஒரு சாயங்காலம் மனைவி மலையிலிருந்து வந்தபோது நான் அரைமண்டியில் நின்று சட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

“நேரா நின்னு கழுவுனா அழுக்குப் போகாதாங்க?”

“இது வேற அழுக்கு.”

கூடைக்கயிறு அழுத்திய தோளைத் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து குந்தி, சாய்ந்திருந்த என் இடது முட்டியில் உள்ளங்கையை வைத்து மெல்ல வெளியே தள்ளிப் பிடித்துக்கொண்டாள். கொழுந்துக் கறை பிடித்த கை. அதற்குப் பிறகு தினமும் அவள் கை வந்தது. அவரைக் கொடி கூரை விளிம்பைப் பிடித்துவிட்டிருந்தது.

திருவிழாவுக்குச் சில நாட்களுக்கு முன்னால் டீச்சர் என்னை மண்டபத்தின் குறுக்கே நடக்கச் சொன்னார். நடந்தேன். திரும்பி நடக்கச் சொன்னார். நடந்தேன். அலமாரியைத் திறந்து, பிஸ்கட் அட்டைப்பெட்டியில் செய்த புலி முகமூடியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

கோயில் திடலில் எண்ணெய்ப் பீப்பாய்களை நிறுத்தி, அவற்றின் மேல் பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். உடம்பு முழுக்க மஞ்சள் சாயமும் கரிக்கோடும் பூசியிருந்த எனக்கு மலைக் குளிரில் பல் தந்தியடித்தது. இந்த லட்சணத்தில் உறுமல் வேறு. எட்டிப் பார்த்தேன். முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலியில் துரை. பக்கத்தில் கிராணி. அவர்களுக்குப் பின்னால் எங்கோ என் மனைவி, மடியில் சின்னவனோடு.

பிள்ளைகள் கொழுந்து கிள்ளி ஆடி முடித்தார்கள். என் முறை. முதல் அடி வைத்ததும் பலகை கீழே அமுங்கியது. கூட்டத்தின் கடைசியிலிருந்து யாரோ ஒருவன் கத்தினான்.

“டேய், லோரி வருது, ஒதுங்குங்கடா.”

திடலே சிரித்தது. முகமூடிக்குள் எனக்கும் சிரிப்பு முட்டியது. அந்த நிமிடம் என் உடம்பு கேட்டது ஒன்றே ஒன்றுதான். வேண்டுமென்றே இரண்டு நொண்டு நொண்டி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் போதும், கூட்டம் என் கையில். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே அடவு அதுதான். கால் தானாகத் தயாராகிவிட்டது.

மேடையோரத்திலிருந்து தட்டுக்கழியின் சத்தம் வந்தது. டீச்சர் தட்டிக்கொண்டிருந்தார். வேகமும் இல்லை, தாமதமும் இல்லை. சிரிப்பு என்று ஒன்று உலகத்திலேயே இல்லாத மாதிரி ஒரு தாளம்.

நான் தாழ்ந்தேன். முதுகு நேராக, முட்டி விரலுக்கு நேராக, பாரம் இடுப்பில். பாதம் முழுதும் பதிய அடுத்த அடி. பலகை அமுங்கியது, நான் அமுங்கவில்லை. கீழே பார்க்கவில்லை. பாதத்துக்கு வழி தெரிந்தது. மேடையின் நடுவுக்கு வரும்போது சிரிப்பு நின்றிருந்தது. அதைத் தாண்டும்போது பேச்சும் நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டு அழுதது. எத்தனையோ பேரைச் சிரிக்கவைத்திருக்கிறேன். ஒருத்தரை அழவைத்ததில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பிள்ளைகள் கூடையைத் தட்டி விரட்டினார்கள். புலி திரும்பி ஓட வேண்டும். திரும்புவதற்கு முன் இடது காலில் ஒரு முழுச் சுற்று. லோரியின் மேல் முடியாமல் நின்றுபோன அதே சுற்று. சுற்றினேன். சுற்றி முடித்தபோது எனக்குக் கீழே தரை இருந்தது.

மறுநாள் காலையில் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். கிராணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உனக்கு வேலை உண்டு, வீடும் உண்டு. துரை சொல்லிட்டாரு.”

என் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முடிக்கவில்லை.

“ஆனா ஒண்ணு தெரியுமா? பாவம், கால் போன ஆளாச்சேன்னு துரை நேத்து வரைக்கும் உன்னை ஆலை கேட்டுல காவலுக்குப் போடத்தான் நெனச்சிருந்தாரு. நாற்காலி கூடச் சொல்லியாச்சு. நீ ஆடுனதைப் பாத்துட்டு, ‘இவனுக்கு என்னய்யா கேடு, கவாத்துக்கு அனுப்பு’ன்னுட்டாரு.”

கவாத்து என்றால் தேயிலைச் செடிகளை முட்டியளவுக்கு வெட்டிவிடும் வேலை. தோட்டத்திலேயே செங்குத்தான மேட்டில், கையில் வளைந்த கத்தியோடு, நாள் முழுக்கக் குனிந்து. அதாவது, எனக்காக ஒரு நாற்காலி தயாராக இருந்தது. நான் மாதக்கணக்கில் உயிரைக் கொடுத்து உழைத்து, அந்த நாற்காலியிலிருந்து என்னை நானே எழுப்பிவிட்டேன். இப்படி ஒரு முட்டாளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

வீட்டில் வந்து சொன்னபோது மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். லோரியிலிருந்து நான் விழுந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். “நாற்காலியில உக்காந்தா நீங்க கேட்டுல போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் வாயைக் குடுத்து அந்த வேலையும் போயிருக்கும்” என்றாள். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான்.

கவாத்து மேட்டில் முதல் நாள் முட்டி மறுபடி உள்ளே சாயப் பார்த்தது. மழை பெய்து மண் வழுக்கியது. மற்றவர்கள் காலைச் சேர்த்து வைத்து முதுகை வளைத்து வெட்டினார்கள். நான் அப்படி நின்றால் ஒரே உருளலில் ரிங்லெட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். வேறு வழி தெரியாமல் பாதங்களை வெளியே திருப்பி, அரைமண்டியில் தாழ்ந்து, முதுகை நிமிர்த்தி வெட்ட ஆரம்பித்தேன். வாய் தானாக ‘தெய்யா தெய்’ சொன்னது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மேலே நின்று பார்த்தார்.

“என்னடா அது நிக்கிறது, புள்ள பெறப் போறியா?”

“ஆமா மண்டோர். பேர் நீங்கதான் வெக்கணும்.”

மேடு முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று நான் தாழ்ந்தே நின்றேன். சாயங்காலம் எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது நான் பிடிக்காமல் இறங்கினேன். தொடை கதறியது, அது வேறு விஷயம். அடுத்த வாரம் பக்கத்து வரிசைக்காரன் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை அகட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். கேட்டால், “செருப்புக் கடிக்குது லா” என்றான். அவன் அன்று செருப்பே போட்டிருக்கவில்லை.

அந்த வருஷம் அவரைக்காய் கூரைமேல் காய்த்துத் தொங்கியது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தோம்.

டீச்சர் அதற்கடுத்த வருஷம் மாற்றலாகிப் போய்விட்டார். ஆடிய பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நான் மேடையேறியது அந்த ஒரு தடவைதான். ஆனால் கீழே இறங்கியதாக எனக்கு இன்னும் தோன்றவில்லை. தாப்பாவிலிருந்து மலையேறும் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நிற்கும்போதும், மூட்டை தூக்கும்போதும், லயத்துக் குழாய்க்காகத் துரை முன்னால் நின்று பேச வேண்டியிருந்தபோதும் அதே நிலைதான். பாதம் பதியணும், பாரம் இடுப்பில் இருக்கணும், கீழே பார்க்கக் கூடாது. யாராவது சிரிக்க வேண்டும் என்று நிற்பதற்கும், விழாமல் இருக்க வேண்டும் என்று நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை என் முட்டிதான் எனக்குப் புரியவைத்தது. மண்டைக்கு முன்னால் முட்டிக்குப் புத்தி வந்த ஆள் நான்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் தானா ராத்தா பஸ் நிலையத்தில் டீச்சரைப் பார்த்தேன். தலையில் இரண்டு நரை. கையில் ஒரு பையன். எனக்கு நாக்குக் குழறியது. எனக்கு, நாக்கு! வீடு தங்கியது, கவாத்து மேடு, செருப்பு கடித்தவன், அவரைக்காய் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். “நீங்க குடுத்த கால்ல நிக்கிறேன் டீச்சர்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் போதாது என்று தோன்றி, முட்டைக்கோஸ் பைகளைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நின்ற ஊர்க்காரர்களும் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்களும் பார்க்க, நடு நிலையத்தில் அரைமண்டியில் தாழ்ந்து நின்று காட்டினேன்.

டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் குனிந்து காலைப் பார்த்தார்.

“இடது முட்டி இன்னும் உள்ள சாயுது, அண்ணே.”